பதினேழு நடை

மூட்டை தோளில் ஏறியதும் பெர்னார்டுக்கு நெஞ்சு படபடக்கும். விரல் மரத்துப்போகும். மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்காது. சாகப்போகிறோம் என்று உறுதியாகத் தெரியும்.

பினாங்குத் துறைமுகத்தில் படகிலிருந்து கரைக்குப் போட்ட பலகை ஒன்றரை அடி அகலம். ஒருவன் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் சுமையோடு நிற்க வேண்டும். அதனால் சுமைக்காரர் கூட்டத்தின் தலைவன் சுப்பையா அவனைச் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குள் பழனியப்பன் பக்கத்தில் உட்காரவைத்தான். பழனியப்பனுக்குக் காலில் ஆறாத புண். இருவரும் கிழிந்த கோணிகளைத் தைத்தார்கள். அவர்கள் பங்கு மூட்டையை மற்றவர்கள் சேர்த்துச் சுமந்து, ஊரைப் பிடித்திருந்த ஜப்பான்காரனிடம் கணக்கைச் சரிக்கட்டினார்கள். முடியாதவனைக் கூட்டம் மறைத்துவைத்துத் தாங்குவது துறைமுகத்து வழக்கம்.

பெர்னார்ட் அதில் தேறவில்லை. முதலில் பலகை மட்டும்தான் ஆகாமல் இருந்தது. பிறகு கிட்டங்கி வாசலில் நிற்கவும் முடியவில்லை. மூன்றாம் மாதம் வேலைக்கு வரும்போதே சுவரை ஒட்டி நடந்தான்.

இந்த நிலையில்தான், வெள்ளிக்கிழமை கிட்டங்கியைச் சோதிக்கிறார்கள், சுமக்காதவனைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு லாரியில் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு வந்தது. போனவர்களில் ஒருவரும் திரும்பியதில்லை. பெர்னார்ட் ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரசர் விநாசித்தம்பி யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் அவரே எல்லாம்.

"ஐயா, இருதய நோயின்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க. போதும்."

டிரசர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "உம்மட இருதயம் என்ரையைவிட நல்லா இருக்கு."

"நல்லா இருக்கா? குதிரை மாதிரி ஓடுது லா!"

"குதிரை ஓடினா குதிரைக்கு நோய் எண்டு சொல்லுவீரோ?" அவர் குழாயைச் சுருட்டினார். "சீட்டு எழுதினா துறைமுகத்தில உம்மட பேரை வெட்டுவாங்கள். பேர் வெட்டின ஆளைத்தான் முதல்ல லொறியில ஏத்துறாங்கள். போன மாசம் ரெண்டு பேருக்கு எழுதிக் குடுத்தனான். ரெண்டு பேரும் சயாமில."

டிரசர் ஒரு நோட்டை விரித்தார். ஜப்பான் விமானங்கள் ஊரில் குண்டு போட்ட பிறகு இதே புகாரோடு வந்தவர்கள் இருபத்துமூன்று பேர் அதில் இருந்தார்கள்.

"குண்டு விழேக்க நீர் எங்க?"

"ரோட்டுல. ஊரே ரோட்டுலதான நின்னுச்சு, பிளேன் பாக்க. நம்ம பிளேன்னு நினைச்சோம். எங்க அண்ணன் உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். வாடா, வந்து பாருடான்னு நான்தான் கூப்பிட்டேன்."

டிரசர் அதை எழுதவில்லை. நோட்டில் விரலை ஓட்டிச் சொன்னார். "இந்த ஆக்களிட்ட நான் கண்டது ரெண்டு விசயம். படபடப்பு ஏறி, உச்சிக்குப் போய், தானா இறங்குது. சுவர் மணிக்கூட்டில பாத்தனான், பத்துப் பன்னிரண்டு நிமிசம். ஒருத்தரும் சாகேல்லை. மற்றது, ஏறேக்க எழும்பி ஓடினவனுக்கு அடுத்தமுறை இன்னும் கெதியா ஏறுது. ஓடாமல் இருந்தவனுக்குக் குறையுது. உம்மைக் கிட்டங்கிக்குள்ள வச்சது நல்ல மனசு. ஆனா அதாலதான் கூடிப்போச்சு."

"நிச்சயமா?"

"இல்லை. நான் பாத்தது இஞ்ச வாங்கில சும்மா குந்தி இருந்த ஆக்களை. மூட்டை சுமக்கிறவனைப் பாக்கேல்லை."

"அப்ப நான்தான் முதல் ஆளு. விழுந்தா?"

"கடல்தானே. நீந்தத் தெரியுமோ?" சொன்னவர் சிரிக்கவில்லை. "மூட்டையோட போற எத்தனையாவது நடையில இறங்குது எண்டு எண்ணி வாரும்."

வெள்ளிக்கிழமை பெர்னார்ட் பலகையில் ஏறினான். முதல் நடையிலேயே ஆரம்பித்தது. மூன்றாவதில் விரல் மரத்தது. பின்னால் வந்த சுப்பையா, "டேய், இறக்குடா. நான் எடுத்துக்கறேன்" என்றான்.

"தொடாத அண்ணே. நட."

"செத்துத் தொலையாதடா!"

"செத்தா நீயே தூக்கிக்க. இப்ப நட."

எட்டாவது நடை மோசம். கால்சட்டை நனைந்தது வேர்வையாலா மூத்திரத்தாலா என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணுக்குப் பலகை மட்டும் தெரிந்தது. அடுத்த அடி, அதற்கடுத்த அடி. பன்னிரண்டு. பதினைந்து. பதினேழாவது நடையில் தோள் எரிவது உறைத்தது. மூன்று மாதம் சுமக்காத தோள், தோல் உரிந்திருந்தது. அதை நினைத்துக்கொண்டு நடக்கிறோம், வேறு எதையும் நினைக்கவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

நண்பகலில் சிப்பாய்கள் கிட்டங்கிக்குள் போனார்கள். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சயாமுக்கு ஒரு ஆள் வேண்டும். உள்ளே ஒருவன்தான் இருந்தான். பழனியப்பன் நொண்டிக்கொண்டே வெளியே வந்தான். கோணி ஊசி இன்னும் கையில் இருந்தது. லாரியில் ஏற முடியாமல் தடுமாறியபோது ஒரு சிப்பாய் இடுப்பில் உதைத்து ஏற்றினான். பலகையில் நின்ற எவனும் வாய் திறக்கவில்லை. பெர்னார்டும் திறக்கவில்லை.

வேலை விட்டதும் அவன் நேரே டிரசரிடம் போனான்.

"பதினேழு நடை."

டிரசரின் முகம் மலர்ந்தது. பென்சிலை எடுத்து எழுதினார். "பிறகு வந்ததோ?"

"வந்துச்சு. பழனியப்பனை ஏத்துனப்ப. நான் உக்காந்திருந்த இடத்துல அவன் தனியா இருந்தான் ஐயா. அது இன்னும் இறங்கல. அதையும் எழுதுங்க."

டிரசர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். எண்ணத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இதை எழுதேலாது."

"ஏன்?"

"இது நோயில்லை." அவர் நோட்டை மூடினார். "அவன்ர வீட்டில ஆரும் போய்ச் சொன்னவையோ?"

"இல்ல. எவனுக்கும் துணிச்சல் வரல."

பழனியப்பனின் மனைவி ஆயர் ஈத்தாமில் இருந்தாள். நாலு மைல் இருக்கும். பெர்னார்ட் எழுந்தான், தோளில் ஒட்டியிருந்த சட்டையை மெல்லப் பிரித்து விட்டுக்கொண்டு அந்த வழியில் நடந்தான்.