பைசர் நானா பார்த்த போத்தல்

...ஒட்டியிருக்கிறது, உண்மையாகவே ஒட்டியிருக்கிறது, காலையில் கண்டி ஆய்வுகூடத்திலிருந்து கூடப் படிக்கும் தக்சிகா அனுப்பிய படத்தை நிறஞ்சலா இன்னும் எத்தனை தரம்தான் பார்ப்பாள், மன்னாரிலிருந்து புறப்பட்ட பஸ் தள்ளாடிச் சந்தியைத் தாண்டியும் கைபேசியை உள்ளே வைக்க மனம் வரவில்லை. உயிரணுக்கள் வெளியே விடும் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகள், அவற்றின் மேற்பரப்பில் சிறுநீரகத்தைத் தேடிப்போகும் ஒரு மூலக்கூறைப் பிணைக்க வேண்டும், கடிதத்தில் முகவரி ஒட்டுகிற மாதிரி, அவ்வளவுதான், அந்த அவ்வளவுதானுக்கு எட்டு மாதம்... ஒன்றுகூட ஒட்டாமல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மன்னாரில் ரியூசன் கொடுக்கலாம் என்று அழுத நாள்கள். புறப்படும்போது அம்மா மெழுகுதிரி ஏற்றினாள். "மாதாவுக்கு நன்றி சொல்லிப்போட்டுப் போ பிள்ளை." சொன்னாள், மனமாரச் சொன்னாள், மாதா கோபிக்க மாட்டா, ஆனால் போத்தலைப் பார்த்தது பைசர் நானா அல்லவா?

ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுகிற, கரைசல் கலக்கிற எருக்கலம்பிட்டிக்காரர். "தங்கச்சி, ஒட்டுறதுக்கும் இந்த ட்ரிஸ் கரைசலா பாவிக்கிறீங்க? முந்தி ஒரு தம்பியும் இதாலதான் மண்டையை உடைச்சவர்." நுண்பையில் மூலக்கூறு பற்றிக்கொள்ள வேண்டிய அதே அமைன் முனை ட்ரிஸிலும் இருக்கிறது, பை பாவம் சும்மா கிடக்க, ஊற்றியதையெல்லாம் ட்ரிஸே வாரிக்கொண்டது, முதலாம் வருடப் பிள்ளைக்கும் தெரிந்த இரசாயனவியல், வெட்கக்கேடு, கரைசலை மாற்றியதும் ஒட்டிவிட்டது... அதை ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து மெல்லச் சொன்னாரே, அந்த மனதை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. மடியில் அவருக்கென்று கட்டிய பாரைக் கருவாடு, பக்கத்து சீற் மனிசி மூக்கைப் பொத்துகிறாள், பொத்தட்டும்.

கைபேசி அதிர்ந்தது, பேராசிரியரின் செய்தி. "படம் பார்த்தன். பிழையை நீங்களே கண்டுபிடிச்சதுதான் எனக்குப் பெரிய சந்தோசம். கட்டுரையை எழுதத் தொடங்குங்கோ." நீங்களே... ஓம், போன கிழமை "பிழையைக் கண்டுபிடிச்சிட்டன் சேர்" என்றுதான் சொன்னாள், அவர் பாராட்டினார், அவள் பேசாமல் நின்றாள், பேசாமல் நிற்பது பொய்யா? உயிலங்குளத்து வயல்கள் பச்சையாக ஓடுகின்றன, நானாவுக்குக் கருவாடு போதும் என்று எப்போது முடிவெடுத்தாள்? "எதுக்குத் தங்கச்சி இதெல்லாம்" என்று சிரித்தபடி வாங்கிக்கொள்வார், வேறொன்றும் கேட்க மாட்டார்... கேட்க மாட்டார் என்று தெரிந்துதான் கருவாடு கட்டினாளா? நன்றி பொய்யில்லை, அதுதான் உறுத்துகிறது. "சேர், அதைக் கண்டது" என்று அடித்தாள், பஸ் குலுங்கியது, விரல் அடுத்த எழுத்துக்கு மேலே அப்படியே நின்றது.