படத்தில் விழாத மூச்சு

ஊதுகுழலில் அடைப்பு இல்லை. அடைக்கலமேரி குடைக்கம்பியை உள்ளே விட்டுக் குடைந்து பார்த்துவிட்டாள். ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனையில் ராயபுரத்து வானம் வட்டமாகத் தெரிந்தது. அடுப்பில் வைத்த பலகையும் காய்ந்த பலகைதான். ஆனாலும் ஊதினால் தணல் லேசாகச் சிவந்து அடங்கியதே தவிர, தீ பிடிக்கவில்லை.

"இன்னாக்கா, ஷிப்டுக்கு நேரமாவுது. இட்லி வெந்துச்சா, இல்ல இன்னும் மாவாவே கீதா?" என்றான் வாசலில் இட்லி வாங்கக் காத்திருந்த துறைமுகத் தொழிலாளி ஒருவன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. நின்றுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சற்றுத் தள்ளி நின்றார்கள். அதை அவள் கவனித்தாள். விடாத இருமலுக்கு அந்தத் தெருவில் ஒரே பெயர்தான், டி.பி. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அவள் கை இட்லியை யார் தின்பார்கள்? அதனால்தான் டோல்கேட் பக்கம் போய் எடுத்த எக்ஸ்ரே படத்தை மாதா படத்துக்குக் கீழேயே மாட்டி வைத்திருந்தாள். இப்போதும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"நல்லா பாத்துக்கோங்கபா. சுத்தமா கீது."

அவள் கணவன் வில்சன் சரக்கு முனையத்தில் சுமை ஏற்றுபவன். உடைந்த சரக்குப் பலகைகளை அங்கிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவருவான். சாயமும் பூச்சிமருந்தும் ஏறிய அந்தப் பலகைகள்தான் அவர்கள் வீட்டு விறகு. அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சிரிப்பான்.

"பீடி குடிக்கிறவன் நானு. எனுக்கே ஒண்ணும் இல்ல, உனுக்கு இன்னா வந்துச்சு? வயசாயிடுச்சு மேரி, அவ்ளோதான்."

அன்று மாலை தண்ணீர்க் குடத்தோடு அவள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் மீன் வறுத்து விற்கும் நீலாதான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டு, சில நாள் கழித்து, டாக்டர் ஹஃப்சா அவளைச் சோதனைக்கு வரச் சொன்னார். அடைக்கலமேரி முதலில் நீட்டியது அந்தப் படத்தைத்தான்.

"டி.பி. அடையாளம் இல்லம்மா. சளியிலயும் கிருமி இல்ல. சரி, இந்தப் படம் எடுக்கும்போது உங்கள என்ன பண்ணச் சொன்னாங்க?"

"மூச்ச நல்லா இஸ்து புட்சிக்கோன்னாங்க."

"அதான். புடிச்சு வெச்ச மூச்சைத்தான் படம் எடுத்திருக்கு. விடுற மூச்சு இதுல எப்படித் தெரியும்?"

விடும் மூச்சை அளக்க வேறு கருவி உண்டு. மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ஒரு குழாய்க்குள் முழு வேகத்தோடு ஊத வேண்டும். உள்ளே இருப்பது தீரும்வரை நிறுத்தக்கூடாது. மொத்தக் காற்றில் முதல் நொடியிலேயே எவ்வளவு வெளியே வருகிறது என்று கருவி கணக்கிடும். மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருந்தால் காற்று உள்ளே போய்விடும், வெளியேறத்தான் திணறும்.

அடைக்கலமேரி ஊதினாள். கருவி ஏற்கவில்லை. மறுபடி ஊதினாள். அதுவும் ஆகவில்லை.

"வெடிக்கிற மாதிரி ஊதணும்மா!" என்று சலித்துக்கொண்டார் சோதனை செய்பவர்.

"பலூன் ஊதத் தெரியாதவ சார் அவ," என்று வாசலில் நின்ற வில்சன் சிரித்தான்.

ஹஃப்சா சிரிக்கவில்லை. அடைக்கலமேரியின் உதடுகள் குவிந்து, காற்று மெல்லிய கோடாக வருவதையும், அவள் கை காற்றில் எதையோ பிடித்திருப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல எதை ஊதுறீங்க?"

"அடுப்பத்தான் டாக்டர். பொறுமையா வுட்டாதான் தீ புடிக்கும். வேகமா ஊதுனா சாம்பல் பறந்து மாவுல வுயும்."

"அடுப்புல என்ன எரிக்கிறீங்க?"

அவள் வில்சனைத் திரும்பிப் பார்த்தாள். "ஹார்பர்லேந்து இவரு தூக்கியாற ஒடஞ்ச பலகதான் டாக்டர்." அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

இதுவரை போன இடத்திலெல்லாம் 'புகை பிடிப்பீர்களா' என்றுதான் கேட்டார்கள். இல்லை என்று அவளும் உண்மையைத்தான் சொன்னாள். வீட்டில் என்ன எரிகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

"இப்போ அடுப்ப மறந்துடுங்க மேரிம்மா. சாம்பல் பறக்கட்டும்," என்றார் ஹஃப்சா.

இந்த முறை சரியாக ஊதினாள். பத்துப் பங்கு காற்றில் ஏழு பங்காவது முதல் நொடியில் வந்திருக்க வேண்டும். அவளுக்கு நாலுதான் வந்தது. குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சக் கொடுத்து, சற்று நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். ஆஸ்துமாவாக இருந்தால் பெரும்பாலும் குழாய் நன்றாகத் திறந்துகொள்ளும். அவளுக்கு நாலு நாலரை ஆனது, அதற்குமேல் நகரவில்லை.

"நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. சி.ஓ.பி.டி.ன்னு சொல்லுவோம். வருஷக்கணக்கா உள்ள போன புகையில குழாயெல்லாம் சுருங்கிப் போயிருக்கு."

"அப்போ அடைப்பு கொயல்ல இல்ல," என்றாள் அடைக்கலமேரி தனக்குத்தானே. பிறகு கேட்டாள்: "சரியாயிடுமா டாக்டர்?"

"போனது திரும்பாதும்மா. மிச்சத்தக் காப்பாத்தலாம். தினமும் மருந்து இழுக்கணும். அந்த அடுப்பு இனிமே கூடாது. முன்னாடியே ஊதிப் பாத்திருந்தா மிச்சம் இன்னும் நிறைய இருந்திருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் வில்சன் பலகைக் குவியலின் முன் உட்கார்ந்தான். பீடியை எடுத்தான், பற்றவைக்கவில்லை.

"பீடியில வர்றதுதான் பொகைன்னு நெனச்சிகினு இருந்தேன் மேரி. இத நான்தானே தலையில தூக்கியாந்து உன் மூஞ்சிக்கு நேரா வெச்சேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சை இழுத்தாள். வாசற்படி ஏற அந்த மூச்சு வேண்டியிருந்தது.

இட்லி இப்போது கேஸ் அடுப்பில் வேகிறது. முன்பு போல் நிறைய ஈடு போட அவளால் முடிவதில்லை. ஒரு ஈட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் பலகை அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருந்த நீலா இருமினாள்.

"ஒண்ணும் இல்லக்கா. நானும் டோல்கேட்ல படம் எடுத்துட்டேன், சுத்தம்னுட்டாங்கோ."

அடைக்கலமேரி ஒரு மூச்சை இழுத்து, மெல்ல விட்டுவிட்டுச் சொன்னாள்:

"படம் மட்டும் பத்தாது நீலா. இருமலும் எளப்பும் வுடலன்னா, மூச்ச ஊதி அளந்து பாக்கணும்னு கேளு. பீடி குடிப்பியான்னு கேட்டா, இல்லன்னு சொல்லிட்டு வந்துடாத. அடுப்புல இன்னா எரிக்கிறேன்னும் நீயே சொல்லு."