நம்ம ஓட்டு

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருக்கும் தெருக்களில் சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் வருவது வழக்கம். அதனால்தான் அஷ்வினி மாநகராட்சித் தேர்தல் வேலையில் இறங்கினாள். அவளுடைய பெற்றோர் தமிழ் பேசும் ஊரான மார்டள்ளியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அவள் மைசூரிலேயே பிறந்தவள்; தமிழைவிடக் கன்னடம்தான் நன்றாக வரும். கால்வாய் கட்டித் தருவதாகச் சொன்ன தமிழ் வேட்பாளர் சுரேந்தருக்காக, பக்கத்து வீட்டுக் கௌரம்மாவுடன் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டாள். கௌரம்மா மண்டியாப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. வெயிலில் இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள்.

கடைசிக் கூட்டத்தில் மேடையேறுவதற்கு முன் சுரேந்தர் அவளை ஓரமாக அழைத்தார்.

"இன்னைக்குத் தமிழ்ல பேசும்மா. எதிர்ல பூரா நம்ம ஊர்ச் சனம். நம்ம ஓட்டு நம்ம ஆளுக்குன்னு முடிச்சிரு. சாக்கடையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் கன்னடத்தில் தயார் செய்திருந்தது அத்தனையும் மறந்துபோயிற்று. மைக்கைப் பிடித்ததும், வீட்டில் பேசும் அரைகுறைத் தமிழில் இரண்டு வரி சொன்னாள். பிறகு, "நம்ம ஓட்டு நம்ம ஆளுக்கு" என்றாள். கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. அம்மா பஞ்சவர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாக்கடைக்காக இத்தனை நாள் தொண்டை வறளப் பேசியும் கிடைக்காத கைதட்டல் அது. உடம்பு சிலிர்த்தது. இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னாள்.

அப்போதுதான் முன்வரிசையில் கௌரம்மாவைப் பார்த்தாள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று அவரும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி நடக்கும்போது, அப்படி என்னதான் சொன்னாய் என்று கௌரம்மா கேட்டார். அஷ்வினியால் பொய் சொல்ல முடியவில்லை. கன்னடத்தில் மாற்றிச் சொன்னபோதுதான் அந்த வாக்கியம் அவளுக்கே முழுசாகக் கேட்டது. கால்கள் நின்றுவிட்டன.

கௌரம்மா குடையை மடக்கிக் கையில் பிடித்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஹாகாதரெ நானு யாரு, அஷ்வினி?" அப்படியென்றால் நான் யார் என்று.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் காலையில், எதிர்க்கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு சிலர் தெருவுக்குள் வந்தார்கள். நடுவில் கௌரம்மா. கன்னடர் ஓட்டு கன்னடருக்கே என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டு வந்தார். அஷ்வினி வீட்டைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போனார். அஷ்வினி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த பஞ்சவர்ணம், "இத்தன நாளும் மனசுல இதத்தான் வெச்சிருந்தா போல" என்றாள்.

"இல்லம்மா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் அஷ்வினி.

சுரேந்தர் வென்றார். மாலையோடு ஆட்கள் வீட்டுக்கு வந்து, தமிழ்ப் பொண்ணு எங்கே என்று தேடினார்கள். அவள் பின்வாசல் வழியாகக் கௌரம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கௌரம்மா உள்ளே வரச்சொல்லிக் காபி கொடுத்தார். மகளின் பிரசவத்தைப் பற்றிப் பேசினார், பால் விலையைப் பற்றிப் பேசினார். கால்வாய் விஷயமாகச் சேர்ந்து போய் சுரேந்தரைக் கேட்கலாமா என்றாள் அஷ்வினி.

"நீ போய்க் கேளும்மா" என்றார் கௌரம்மா கன்னடத்தில். "அவர் உங்க ஆளுதானே."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.