இரண்டு விரல் இடைவெளி

அவள் குளியலறைக் கதவின் முன்னால் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டி வைத்து உள்ளே பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. அதில் பெரும்பகுதியை அப்பாவின் முதுகு அடைத்திருந்தது. ஓரத்தில் மிஞ்சிய கொஞ்ச இடத்தில் ஈரத் தரையும் அப்பாவின் இடது கையும் தெரிந்தன. கை அசைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"அப்பா, நான்தான். பேசுங்க."

"வந்துட்டியா பாப்பா. பதறாத. சும்மா வழுக்கி உட்காந்துட்டேன்."

உட்கார்ந்துவிட்டாராம். ஐந்தரை மணிக்கு எழுந்து குளியலறைக்குப் போகிறவர். இப்போது மணி எட்டே கால். அவள் எழுந்து கதவைத் தள்ளினாள். உள்பக்கம் திறக்கிற கதவு, தாழ்ப்பாள் வேறு போட்டிருந்தது. அரை விரல்தான் அசைந்தது. அந்த அரை விரலும் அவர் இடுப்பில் போய் இடித்தது. உள்ளேயிருந்து வந்த அலறலை அவள் தன் நாற்பத்தெட்டு வயதில் கேட்டதில்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன் அவர். ஒருமுறை பஸ் கதவில் விரல் நசுங்கியபோதும், கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை ஓட்டிப் பயணிகளை இறக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்படிப்பட்டவர் அலறினார். அவள் கையை எடுத்துவிட்டாள்.

அவசர உதவிக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் பொறுமையாகப் பேசினாள். ராத்திரி பெய்த மழை தரையில் விழுந்த கையோடு உறைந்துவிட்டது, ஊர் முழுக்க ரோடு கண்ணாடி மாதிரி கிடக்கிறது, மீட்பு வண்டி கிளம்பிவிட்டது, இருபது நிமிஷம் ஆகும் என்றாள். இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம், விழுந்தவரை அசைக்க வேண்டாம், சூடாக வைத்திருங்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வாசகங்கள் அத்தனையும் இவளுக்கு மனப்பாடம். இவள் பிழைப்பே அதுதான். குளிர்காலம் தொடங்கிவிட்டால் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடு வீடாக ஏறி இறங்குவாள். கையில் இருபத்திரண்டு கேள்விகள் அச்சடித்த தாள். ஹீட்டருக்குப் பக்கத்தில் துணி தொங்குகிறதா, தரைவிரிப்பு காலைத் தட்டுகிறதா, படியில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, குளியலறைக் கதவை வெளியிலிருந்து திறக்க முடியுமா. முடியாது என்றால் தாழ்ப்பாளைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவாள். இந்த வருஷம் மட்டும் முப்பது நாற்பது தாழ்ப்பாள் கழற்றியிருப்பாள். கிழவர்கள் முனகுவார்கள், திட்டுவார்கள். ஒரு அம்மாள் இவளுடைய ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள். இவள் யாருக்கும் மசிந்ததில்லை.

சொந்த அப்பாவுக்கு மசிந்தாள்.

குளிர் தொடங்கும் முன்பே அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான், அப்பாவை இனிமேல் தனியாக விட முடியாது, நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்து வைத்திருக்கிறேன் என்று. அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இவள்தான் அண்ணனோடு மல்லுக்கட்டினாள். நான் பார்த்துக்கொள்கிறேன், தினம் வேலைக்குப் போகும்போது ஒரு எட்டு எட்டிப் பார்க்கிறேன் என்றாள். சரி, உன் தாளிலேயே அப்பா வீட்டைப் பரிசோதித்து அனுப்பு, இருபத்திரண்டும் சரியாக இருந்தால் நான் வாயைத் திறக்கவில்லை என்றான் அண்ணன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். விரிப்பைச் சுருட்டினாள். முக்காலியைத் தூக்கிப் போட்டாள். பரணில் இருந்ததைக் கீழே இறக்கி, ஏணியைக் கீழ் வீட்டுக்குக் கொடுத்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, சீட்டு வாங்காத பயணியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்குரூ டிரைவரோடு குளியலறைப் பக்கம் போனபோதுதான் வாயைத் திறந்தார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ பாப்பா. அது ஒண்ண விட்டுரு. ஒரு மனுஷன் உள்ள இருக்கான்னா உள்ள இருக்கான். அவ்வளவுதான்."

அவள் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டாள். கதவை வெளியிலிருந்து திறக்க முடியுமா என்ற கேள்விக்கு நேரே, முடியும் என்று டிக் அடித்தாள். அண்ணனுக்கு அனுப்பினாள்.

இப்போது அந்தத் தாழ்ப்பாளுக்கு வெளியே நிற்கிறாள். நிற்கக்கூட இல்லை, ஓடுகிறாள். ஹீட்டரை இழுத்துவந்து கதவுக்கு நேரே வைத்தாள். சூடு கதவில் மோதி அவள் மேலேயே திரும்பி வந்தது. போர்வையை இடைவெளியில் திணித்துப் பார்த்தாள், தடிமனாக இருந்ததால் போகவில்லை. கீழே ஓடிப்போய் டைலரை அழைத்து வந்தாள். கீழ் வீட்டில் குடியிருந்து, தெருப்பக்க அறையில் கடை வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஷட்டரை இழுக்கிற இரும்புக் கம்பியைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"மேல்பக்கம் உடைச்சிரலாமா தங்கச்சி?"

அவள் கதவைப் பார்த்தாள். முழு மரக் கதவு. அடிக்கிற ஒவ்வொரு அடியும் அப்பா இடுப்பில் போய் இறங்கும். அசைக்கக் கூடாது என்று எத்தனை வீட்டில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். வேண்டாம், இருபது நிமிஷத்தில் வந்துவிடுவார்கள் என்றாள். டைலர் கம்பியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

பிறகு அவர்தான் யோசனை சொன்னார். மெல்லிசான படுக்கை விரிப்பாக எடுங்கள், சூடாகத் தேய்த்துத் தருகிறேன், தட்டையாக மடித்தால் அடியில் போகும் என்றார். கடையிலிருந்து அயர்ன் பெட்டியைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் வேலையை ஆரம்பித்தார். முதல் விரிப்பு கை பொறுக்காத சூட்டில் வந்தது. அவள் அதை நீளவாக்கில் மடித்து, ஓரத்து இடைவெளியில் தள்ளினாள். உள்ளேயிருந்து விரல்கள் வந்து நுனியைப் பிடித்தன. துணி மெதுவாக நகர்ந்து உள்ளே போயிற்று. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில்.

"போர்த்திக்கிட்டீங்களா?"

"ம். கதகதன்னு இருக்கு."

அடுத்தது. அதற்கடுத்தது. ஒன்றைத் தள்ளிவிட்டு உள்ளங்கையைக் கதவில் வைத்துப் பார்ப்பாள். கதவு நடுங்கிக்கொண்டிருந்தது. அதில் சாய்ந்து கிடக்கிற அப்பாவின் நடுக்கம் அது. நடுக்கம் இருக்கிற வரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். அவள் ஒரு கையைக் கதவிலிருந்து எடுக்காமலே மறு கையால் துணி வாங்கினாள்.

இருபது நிமிஷம் முடிந்தது. போன் செய்தாள். ஏற்றத்தில் வண்டி வழுக்கி நிற்கிறது, இன்னும் இருபது நிமிஷம் என்றார்கள். அதை அப்பாவிடம் சொன்னாள்.

"இன்னும் இருபதா? நான் ஓட்டியிருந்தா இதுக்குள்ள ரெண்டு ட்ரிப் அடிச்சிருப்பேன்," என்றார். சிரிக்க முயன்றார், பல் கிட்டியது. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணனுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"சொல்லாத. கொண்டுபோய் விட்டுருவான்."

இடுப்பு முறிந்து, ஈரத் தரையில் உறைந்து கிடக்கிற மனுஷனின் பயம் அதுதான். அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட அதிகமாகத் தன்மேல் வந்தது. அன்றைக்கு ஒரு ஐந்து நிமிஷம், நாலு திருகாணி. கழற்றியிருந்தால் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், பதினோராம் நாள் பாப்பா என்று கூப்பிட்டிருப்பார். அந்தப் பத்து நாளுக்குப் பயந்துதானே விட்டாள்.

"எங்கயும் அனுப்ப மாட்டேன்பா. நீங்க இந்த வீட்லதான் இருப்பீங்க."

"அது போதும்," என்றார்.

மூன்றாவது இருபது நிமிஷமும் போயிற்று. அலமாரியில் இருந்த விரிப்பெல்லாம் தீர்ந்து, டைலர் மேசைத்துணி, ஜன்னல் திரை என்று தேய்க்க ஆரம்பித்திருந்தார். ஒவ்வொன்றும் இடைவெளியில் நுழைந்து, உள்ளே இழுபட்டுப் போயிற்று. முன்பைவிட மெதுவாக. போர்த்திக்கிட்டீங்களா என்று அவள் கேட்பாள். ம் என்பார். அந்த ஒரு ம்முக்காக அவள் அடுத்த துணியை வாங்குவாள். குவிந்துபோன துணிகள் பார்வையை மறைத்துவிட்டதால் அவர் கை இப்போது அவளுக்குத் தெரியவில்லை. பேச்சும் குழறியது. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காதவர், குடித்தவர்போல இழுத்து இழுத்துப் பேசினார்.

"பாப்பா... வேர்க்குதும்மா. பனியனக் கழட்டணும்."

டைலரின் முகம் மலர்ந்துவிட்டது. "சூடு ஏறிருச்சு தங்கச்சி. தப்பிச்சாரு," என்றார்.

அவள் உள்ளங்கையைக் கதவில் அழுத்தினாள். இடம் மாற்றி வைத்து அழுத்தினாள். கதவு நடுங்கவில்லை. அவள் தாளின் பின்பக்கத்தில் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கும்: குளிரில் கிடப்பவர் நடுக்கம் நின்றுபோய், வேர்க்கிறது என்று சொன்னால் உயிருக்கு ஆபத்து, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள். அதைக் கிழவர் கிழவிகளுக்குக் கண்ணாடி போடச் சொல்லி வாசித்துக் காட்டுவாள்.

"அண்ணா, உடைங்க."

"அவர் இடுப்பு..."

"உடைங்க."

டைலர் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கி மேல் சட்டத்தில் இறக்கினார். கதவு அதிர்ந்து அப்பாவின் மேல் போய் மோதியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அலறலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. டைலர் ஓங்கிய கையை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"அப்பா," என்றாள். "அப்பா, வலிக்குதா? வலிக்குதுன்னு சொல்லுங்கப்பா."

டைலர் மறுபடி அடித்தார். அவளும் தோளைக் கொடுத்து முட்டினாள். ஒரு மணி நேரத்துக்கு மேலாக எந்த வலிக்குப் பயந்து கதவைத் தொடாமல் இருந்தாளோ, அந்த வலி இப்போது கேட்டுவிடாதா என்று ஒவ்வொரு முட்டுக்கும் காது கொடுத்தாள். சட்டத்தில் ஒரு விரிசல் விழுந்தது. அவ்வளவுதான் விழுந்தது.

மீட்புக்காரர்கள் வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. இருவரும் இளைஞர்கள். முட்டிவரை பனிச் சேறு, ஒருவனுக்கு விழுந்ததில் நெற்றி கிழிந்திருந்தது. பாதி வழிக்கு மேல் அறுக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்களாம். அவளை நகரச் சொல்லிவிட்டு, கதவின் மேல் பாதியை அறுத்து எடுத்தார்கள். நாலு நிமிஷம் ஆயிற்று. நெற்றி கிழிந்தவன் உள்ளே இறங்கிக் குனிந்தான். கழுத்தில் விரல் வைத்தான். நெஞ்சில் கை வைத்து அழுத்த ஆரம்பித்தான், எண்ணிக்கொண்டே அழுத்தினான், இன்னொருவன் மாறி அழுத்தினான். அவள் அறுபட்ட கதவைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து எண்ணினாள். வெகுநேரம் கழித்து அவர்கள் எண்ணுவதை நிறுத்தினார்கள். அவள் இன்னும் நாலைந்து எண் எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

போன் அடித்தது. அண்ணன். அவள் எடுக்கவில்லை. டைலர் வாங்கி, வாசல் பக்கம் போய், தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

உள்ளே வரலாமா என்று கேட்டாள். வாங்க என்று ஒதுங்கி இடம் விட்டார்கள். ஒருவன் கை கொடுத்து அவளை உள்ளே இறக்கினான். தரையின் குளிர் காலுறையைத் தாண்டி ஏறியது. அப்பா பனியனும் அரை டிராயருமாகக் கிடந்தார். பனியன் நெஞ்சுவரை ஏறியிருந்தது.

"இந்தத் துணியெல்லாம் இவருக்குப் பக்கத்துல இப்படித்தான் கெடந்துச்சு," என்றான் நெற்றி கிழிந்தவன். "நாங்க எதையும் நகத்தல. வலது கை உடம்புக்கு அடியில மாட்டியிருந்துச்சு. தூக்கிப் போத்திக்க அவரால முடிஞ்சிருக்காதும்மா."

விரிப்பு, மேசைத்துணி, திரை எல்லாம் இடது கை எட்டுகிற தூரத்தில் ஒரே குவியலாகக் கிடந்தன. அவள் மடித்த மடிப்புக் கலையாமல், அவள் அனுப்பிய வரிசையில், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒன்றுகூட அவர்மேல் பட்டிருக்கவில்லை. ஒவ்வொன்றையும் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ம் சொல்லியிருக்கிறார்.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பனியனைக் கீழே இழுத்துவிட்டாள். குவியலின் மேலே கிடந்த ஜன்னல் திரையை எடுத்தாள். உள்மடிப்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அது ஆறுவதற்குள், அவசரம் அவசரமாக உதறி விரித்து, அவர் கழுத்துவரை ஏற்றிப் போர்த்திவிட்டாள்.