மூச்சு விடாமல் படித்த பாடம்

பதுளைக்கு ரயில் இன்னும் வந்து சேராத வருஷம். தெமோதரைப் பக்கம் மலையைக் குடைய வெடி வைக்கிற சத்தம், பெரியாயி தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலை வரைக்கும் கேட்டது. அதைவிடப் பெரிய சத்தம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பொன்னையா வாத்தியார் போடுவதுதான் என்று அவள் சொல்வாள். வெடிச் சத்தத்துக்கு ஒரு குழியாவது விழும், இந்த ஆள் சத்தத்துக்கு ஒன்றும் விழாது என்பது அவள் கணக்கு.

வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை தாய் தகப்பன்மாரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"புள்ள தலையில எண்ண இருக்கணும். துணி தொவச்சு இருக்கணும். ஊட்டுல தெனம் பாடம் ஒப்பிக்க வைக்கணும். மூச்சு விடாம சொல்லணும். நடுவுல நின்னா அது ஊட்டுக்காரங்க குத்தம். அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் ஐயா வர்றாரு."

வாத்தியார் சட்டையில் மூன்று நாள் வெற்றிலைச் சாறு காய்ந்திருந்ததைப் பெரியாயி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் மகள் பாக்கியலெட்சுமிக்குப் பத்து வயது முடிந்திருந்தது. தோட்டத்துத் துரை சொல்லியிருந்தது இதுதான்: நாலாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் கையால் தேறின பிள்ளை அஞ்சாம் வகுப்புக்குப் போகலாம், தேறாதது மறுநாளே விடிகாலையில் பேர் பதிகிற பெரட்டில் நின்று, அரைப்பேர் என்கிற பாதிக் கூலிக்குக் கொழுந்து பறிக்க வேண்டும். பெரியாயியும் பத்து வயதில்தான் பெரட்டில் நின்றாள். அட்டை கடித்த தழும்பு இன்னும் காலில் இருக்கிறது. மகள் அங்கே நிற்கக்கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

வகுப்புக்கு இருந்த ஒரே புத்தகம் அந்த வாரம் லயத்தில் அவர்கள் அறைக்கு வந்தது. அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. பாக்கியம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பசுப் பாடத்தை மடமடவென்று சொன்னாள். புத்தகத்தின் மேல் சாம்பல் பறந்து விழ, பெரியாயி அதை வாங்கித் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பாக்கியம் விட்ட இடத்திலிருந்து ஓட்டினாள். ஒரு தடுமாற்றம் இல்லை.

பெரியாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் படம் தெரியும். படத்திலிருந்த பசு நாலு காலையும் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

"நிறுத்து புள்ள. பசுன்னு எங்க எழுதியிருக்கு, தொட்டுக் காட்டு."

பாக்கியம் விழித்தாள். பிறகு ஏதோ ஒரு இடத்தைத் தொட்டாள். மறுபடி கேட்டபோது வேறு இடத்தைத் தொட்டாள்.

சுவரோரம் படுத்திருந்த அவள் புருஷன் அழகர், "சொல்றாளே, அது போதாதா?" என்றான். நாளெல்லாம் கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடி வெட்டிக் களைத்த ஆள்.

"கிளிகூடச் சொல்லும். கிளிய எவனும் அஞ்சாம் வகுப்புல ஒக்கார வைக்க மாட்டான்."

மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வாத்தியாரைப் பிடித்தாள். காலையில் பாடமும் சாயங்காலம் தராசும் அவருக்கு.

"ஏங்க வாத்தியாரய்யா, நாலு வருசமா எம்புள்ளைக்கு எழுத்துக் காட்டுனீங்களா?"

"கணீர்னு சொல்லுதே. என்னா கொறச்சல்?"

"பொஸ்தகத்தத் தலகீழா வச்சும் சொல்லுது."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். வாத்தியாருக்கு முகம் கறுத்தது. "ஊட்டுல ஆதரவு இல்லாட்டி நான் என்னா பண்றது? கைநாட்டுக்குப் பொறந்தது எங்க உருப்படும்."

தராசைப் பார்க்கத் தெரிந்தவனுக்கெல்லாம் வாத்தியார் பட்டம் கொடுத்தால் இப்படித்தான் என்று நினைத்தபடி அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எட்டு நாள் இருந்தது.

அன்று சாயங்காலமே தொடங்கினாள். பிள்ளைக்குப் பாடம் மனப்பாடம். புத்தகத்தில் இருப்பதும் அதே பாடம். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துச் சொல்லச் சொன்னாள். "பசு எத்தன தடவ வருது? அத்தன எடத்துலயும் ஒரே மூஞ்சி இருக்கணுமில்ல. தேடு." கொழுந்தையும் முத்தலையும் ஒரு பார்வையில் பிரிக்கிற கண் அவளுக்கு. இரண்டு பேரும் அடுப்பு வெளிச்சத்தில் குனிந்து தேடினார்கள். பசு அகப்பட்டது. பால் அகப்பட்டது.

"ஆத்தா, பசுவுல மொதல்ல வர்ற மூஞ்சிதான் பாலுலயும் வருது. பக்கத்துல என்னமோ நட்டு வச்சிருக்கு."

"அப்ப நட்டது எங்கெங்க வருதுன்னு பாரு. அங்கெல்லாம் சத்தம் நீளுதான்னு சொல்லிப் பாரு."

நாலாம் நாள் பாக்கியம் வீங்கின உள்ளங்கையோடு வந்தாள். பாடத்தை நின்று நின்று சொன்னதற்கு வாத்தியார் பிரம்பு.

"வேகமாவே சொல்லிர்றேன் ஆத்தா."

பெரியாயி கையைத் தடவிக் கொடுத்தாள். "வேகமாச் சொன்னா நாளைக்கு அடி இல்ல. அப்பறம் பெரட்டுல கங்காணி வாயிதான். எது வேணும்னு நீயே பாத்துக்க."

பாக்கியம் புத்தகத்தை விரித்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று, துவைத்த துணியோடு பெற்றவர்கள் வந்து வாசலில் உட்கார வேண்டும் என்பது வாத்தியார் கட்டளை. அவர் எங்கிருந்தோ ஒரு கோட்டு இரவல் வாங்கிப் போட்டிருந்தார். கோட்டுக் கை முழங்கையோடு நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து முதல் பிள்ளையிடம் கொடுத்தார். அது மூச்சு விடாமல் பசுப் பாடத்தைச் சொன்னது. இரண்டாவதும் பசு. மூன்றாவதும் பசு.

"இந்தப் பக்கத்துல பசு எங்க இருக்கு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஊட்டுல ஆதரவு இல்லீங்க ஐயா," என்றார் வாத்தியார்.

பாக்கியம் எழுந்தாள். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாசலில் பெரியாயி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"ம... ழை... பெ... ய்..."

"வேகமாச் சொல்லு சனியனே," என்று வாத்தியார் பல்லைக் கடித்தார்.

"நீங்க பேசாம நில்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "நீ படிம்மா."

நாலு வரி படிப்பதற்குள் வெயில் வாசற்படியைத் தாண்டிவிட்டது. இரண்டு சொல் தப்பு. இன்ஸ்பெக்டர் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அஞ்சாம் வகுப்புக்கு அன்று எழுதின பெயர் அது ஒன்றுதான்.

குதிரை வண்டி கண்ணுக்கு மறைந்ததும் வாத்தியார் ஒரு தாளோடு பெரியாயியிடம் வந்தார். குரலில் புதுசாக ஒரு மரியாதை.

"வாத்தியார் சொன்னபடி ஊட்டுல பாடம் கேட்டோம், அதனால தேறுச்சுன்னு எழுதியிருக்கேன். தொரைக்குக் காட்டணும். இதுல ஒரு பெருவெரல் வைங்க."

"எங் கையெல்லாம் கொழுந்துக் கறைங்க," என்றாள் பெரியாயி. "ஒங்க தாளு அழுக்காயிரும்."

மகளைக் கூட்டிக்கொண்டு லயத்துப் பாதையில் இறங்கினாள். பெருவிரல் கிடைக்காத கடுப்பில் வாத்தியார் பின்னால் பள்ளிக்கூடத்துக்குள் போய்ச் சத்தம் போட்டார். பிள்ளைகள் பசுப் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தன.