கதிர்வீச்சுக் கஞ்சன்

திரையில் படம் வந்ததும், யாரோ ஒரு மூட்டை மணலை அவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கொட்டியது நான்தான். கண்ணாடிக்கு அப்பால் சிடி ஸ்கேன் மேசையில், கைகளைத் தலைக்குமேல் தூக்கியபடி ஒரு லாரி ஓட்டுநர் படுத்திருந்தார். அவர் வயிற்றுக்குள் ரத்தக்குழாய் எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. எல்லாம் புள்ளிமயம்.

காரணம் என் மச்சினன். அதாவது, பொத்தானை அழுத்தியது நான். ஆனால் பழியை யார்மேலாவது போட வேண்டுமே.

என் மனைவியின் தம்பி அவன். இந்த ஸ்கேன் பிரிவில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது. வந்த கொஞ்ச நாளிலேயே அவனுக்குக் 'கஞ்சன்' என்று பெயர் விழுந்தது. கதிர்வீச்சில் கஞ்சன். மற்றவர்கள் செலவழிப்பதில் பாதியைக் கொண்டே, கேட்ட ரத்தக்குழாயைக் காட்டிவிடுவான். எனக்கும் ஒரு பெயர் உண்டு: வள்ளல். என் படங்கள் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்காகக் கதிரை அள்ளி வழங்குவேன். ரொம்ப நாள் அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முந்தின வாரம், ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா அவன் எடுத்த கழுத்து ரத்தக்குழாய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கம்மி டோஸ்லயா? சபாஷ்!" என்றார். எனக்கு ஒருநாளும் அவர் சபாஷ் போட்டதில்லை. வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு.

"தம்பிய டாக்டரம்மா பாராட்டுனாங்களாமே? நீங்க சொல்லவே இல்ல?" என்றாள் மனைவி.

"மறந்துட்டேன். ஏன், நான் எடுக்கற படம் மட்டம்னு சொன்னானா?"

"அவன் எதுக்குங்க அப்படிச் சொல்றான்? நீங்க நீங்கதான், அவன் அவன்தான்."

இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே ஓட்டுநர் வந்ததும், மச்சினன் கழுத்துக்குப் போட்ட கணக்கை அப்படியே இவர் வயிற்றுக்குப் போட்டேன். எண்பது கிலோவோல்ட். மின்னழுத்தத்தைக் குறைத்தால் ரத்தத்தில் ஏற்றிய மருந்து இன்னும் பளிச்சென்று தெரியும், கதிரும் மிச்சம். உண்மைதான். ஆனால் அவன் எடுத்தது ஒல்லிக்குச்சியான ஒரு பெண்ணை. இவர் ஏறிப் படுத்தபோது மேசையே ஒருமுறை முனகியது. அந்த உடம்பைத் துளைத்து மறுபக்கம் வந்து சேர்ந்த கதிர் சொற்பம். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம். இங்கே ஆசை பூனையினுடையது, சூடு ஓட்டுநருக்கு.

ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "தம்பி, முடிஞ்சுதா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணுண்ணே. அப்படியே படுத்திருங்க."

மறுபடி மருந்து ஏற்றி, என் வள்ளல் கணக்கில் ஒரு படம் எடுத்துவிட்டால் போதும். மணல் படத்தை டாக்டரம்மாவுக்கு அனுப்பவே வேண்டாம். ஓட்டுநருக்கு வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது. அது வளர்கிறதா என்று அளக்க வருடாவருடம் வருகிறார். இன்னும் எத்தனை வருடம் இந்த மேசையில் ஏறி, எவ்வளவு கதிர் வாங்க வேண்டுமோ. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கை மருந்துக் கருவிப் பக்கம் போனது.

"அத்தான், இருங்க."

பின்னால் கஞ்சன். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

"என்னடா?"

"திரும்ப எதுக்கு எடுக்கறீங்க? எடுத்த பதிவு மெஷின்லயே இருக்கே. ஸ்லைஸ கொஞ்சம் தடிமனாக்கி, புள்ளியக் குறைச்சு, அதுலருந்தே வேற படம் பண்ணிப் பாப்போம்."

"அழகா வராதுடா."

"அழகா எதுக்கு? அளக்க வந்தாப் போதாதா?"

அவன் சொன்னதில் ஏதாவது ஒரு தப்பாவது அகப்படுமா என்று பார்த்தேன். பாவி, இடமே தரவில்லை. போதாக்குறைக்கு, "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அத்தான்" என்றான். அதைத்தான் தாங்க முடியவில்லை. கொஞ்சமாவது கெட்டவனாக இருந்து தொலைத்தால் ஒரு மனுஷன் நிம்மதியாகப் பொறாமைப்படலாம்.

நாற்காலியை விட்டுக்கொடுத்தேன். அவன் விரல்கள் ஓடின. மணல் மெல்ல அடங்கியது. மழையில் நனைந்த செய்தித்தாள் படம் மாதிரிதான் இருந்தது. ஆனால் குழாயின் விளிம்பு தெரிந்தது.

டாக்டரம்மாவிடம் நானே போனேன். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்கிறவர் அவர்.

"மேடம், இது என் தப்பு. ஆளைப் பாக்காம எண்பதுல போட்டுட்டேன். தம்பிதான் ஒப்பேத்திக் குடுத்தான். இதுல அளக்க முடியுமா, திரும்ப எடுக்கணுமா?"

அவர் விளிம்பிலிருந்து விளிம்புக்குக் கோடு இழுத்தார். அழித்துவிட்டு இன்னொரு தடவை இழுத்தார்.

"அளக்க முடியுது. போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்கு. அவர எறக்கி விடுங்க."

ஓட்டுநரை இறக்கிவிட்டேன். "இன்னும் ஒண்ணுன்னீங்களே?" என்றார். "வேணாம்ணே, இதுவே போதுமாம்" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு போனார். நான் போகவில்லை. திரும்பி டாக்டரம்மாவின் வாசலிலேயே நின்றேன்.

"இன்னும் என்ன?"

"மேடம், மழுப்பாமச் சொல்லுங்க. நான் எடுக்கற படம் நல்லாருக்கா, அவன் எடுக்கறதா?"

வழக்கமான "பாக்கலாம்" வரும் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் முழுசாகத் திருப்பினார்.

"படம் உங்களுதுதான். சுவத்துல மாட்டலாம். ஆனா எங்கம்மாவுக்கு எடுக்கணும்னா, உங்க மச்சினனத்தான் கூப்பிடுவேன்."