ஒரே கண்ணாடித் தகட்டில்

அந்த மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அவளுடைய அப்பா இன்னும் உழைத்துக்கொண்டிருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? சாயப் பட்டறையில் மாடாய் உழைத்து, சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்த மனுஷன். அவர் கட்டியின் துண்டு ஒன்றை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். பி-53 என்ற புரதம் கெட்டுப்போய் அதில் அப்பிக் கிடந்தது. சோதனை மருந்து பட்டால் பழுப்பாகப் பளிச்சென்று காட்டும். அதனால் ஒவ்வொரு நோயாளியின் திசுவுக்குப் பக்கத்திலும், அதே கண்ணாடித் தகட்டில், அப்பாவின் கட்டியிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றையும் ஒட்டுவார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான். கன்ட்ரோல் என்று அதற்குப் பெயர். ஆய்வுக்கூட டாக்டரம்மாவுக்கு அது வெறும் எண். அங்கே டெக்னீஷியனாக இருந்த மகளுக்கு அது யாருடையது என்று தெரியும், ஆனால் மூச்சு விட்டதில்லை. சீவிச் சீவி இப்போது அதுவும் தீரப்போகிறது.

இந்த நேரத்தில்தான் தம்பிக்கு வந்தது. அதே பட்டறை, அதே போல மூத்திரத்தில் ரத்தம். அந்தப் பாழாய்ப்போன வேலையை விடுடா என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள், கேட்டானா? கட்டியை எடுத்தாயிற்று. இனி அடங்கிக் கிடக்குமா, ஆளையே கொண்டுபோகுமா என்பதை அந்தப் புரதம் ஓரளவுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். எதையும் கிண்டலடிக்கிற பயல், அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாவோடது மாதிரி இருந்தா மறைக்காம சொல்லிடுக்கா. பாப்பா இப்பத்தான் நடக்கப் பழகுறா."

மருந்தெல்லாம் போட்டு முடித்து, தம்பியின் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். முதல் துண்டு முழுக்க அடர்ந்த பழுப்பு. தம்பி தீர்ந்தான் என்றே நினைத்துவிட்டாள். பிறகுதான் உறைத்தது, அட, இது அப்பா அல்லவா! சிரிப்பே வந்துவிட்டது. தகட்டை மெல்ல நகர்த்தினாள். அடுத்த துண்டும் அதே பழுப்பு, இம்மியும் குறையவில்லை. மறுபடி அப்பாவிடம் போனாள், மறுபடி தம்பியிடம் வந்தாள். சிரித்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும், பாவம்? நிறம் நன்றாக ஏறியிருக்கிறது என்று மெச்சினார்.

"பழசுதான் தீரப்போகுதே. இனிமே இதையே கன்ட்ரோலா வெச்சுக்கலாம்மா."

சரி என்றாள். அப்பா இருந்த பெட்டியில் தம்பியின் மெழுகுத் துண்டையும் வைத்து மூடினாள்.

கீழே வாசலில், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பி நின்றிருந்தான். அவள் முதலில் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"அப்பாவோடது மாதிரியேதான்டா" என்றாள்.